‘லேய்’ என்றால் அவளா, நீங்களா? இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்து சில மாதமான ஒரு குடும்பத்துக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் படிவம் எடுக்கப் போன நேரம், கவுண்டரில் இருந்தவர் கணவரைப் பார்த்து, “லேய் லவோரா?” என்று கேட்டிருக்கிறார். ‘லவோரா’ என்பது வேலை செய்வதைக் குறிக்கும். அவர் பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு “நோ” என்று சொல்லிவிட்டார். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு வேலை இல்லை என்று பதிவாகிவிட்டது. அதைத் திருத்த இன்னொரு நாள் வரிசையில் நின்றோம்.

‘லேய்’ என்றால் ‘அவள்’. மரியாதையாகப் பேசும்போது அதுவே ‘நீங்கள்’, ஆணுக்கும்தான். முன்பு பெரியவர்களை ‘வோஸ்த்ரா சிஞ்ஞொரீயா’ என்பார்கள், நமது பழைய கடிதங்களில் ‘தங்கள் சமுகம்’ என்று எழுதியதுபோல. சிஞ்ஞொரீயா பெண்பால் சொல், அதனால் ‘அவள்’ வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து ‘லேய்’ என்றால் கேள்வி உங்களிடம்தான். மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ‘மீயா மோல்யே’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நமக்குப் பன்மைதான் மரியாதை என்பதால் வாய் ‘வோய்’ என்று போகும். அது பலரைப் பார்த்துச் சொல்வது. சிசிலியில் வயதானவர்கள் சிலர் ஒருவரிடமும் சொல்வார்கள். 1938இல் முசோலினியின் ஆட்சி ‘லேய்’யை ஒதுக்கி ‘வோய்’ பேசச் சொன்னது. இன்று அலுவலகத்திலும் கடையிலும் ‘லேய்’தான்.

மற்றதெல்லாம் தமிழ் தெரிந்தவருக்குச் சுலபம், ஆங்கிலம் வழியாக யோசிக்காதீர்கள். ‘வாறன்’ என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ‘வேங்கோ’வும் அப்படித்தான், ‘இயோ’ தேவையில்லை. வீட்டு மணியை அடித்து, உள்ளேயிருந்து “கி எ?”, யார் என்று கேட்டால் மட்டும் “சோனோ இயோ”: நான்தான்.

‘எனக்குப் பிடிக்கும்’ என்பதன் ‘எனக்கு’ இங்கே ‘மி’. ‘மி பியாச்சே இல் தே’, எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும். ‘மி சேர்வே’, எனக்குத் தேவை. டொக்டரிடம் ‘மி ஃபா மாலே லா தெஸ்தா’, எனக்குத் தலை இடிக்குது. இந்த மூன்றையும் முதல் வாரமே பாடமாக்கிக்கொள்ளுங்கள். பல்லாரோ சந்தையில், ‘மி தா உன் கீலோ தி பொமொதோரி?’ என்றால் ஒரு கிலோ தக்காளி தருவார்கள். ‘லோ ப்ரெந்தோ’, அதை எடுக்கிறன்: சொல் வரிசையும் நம்முடையதே.

‘நாங்கள்’, ‘நாம்’ இரண்டுக்கும் ஒரே ‘நோய்’தான். ஆணைச் சொல்லும் ‘அவர்’, ‘அவன்’ இரண்டுக்கும் ‘லூயி’. ஆண் டொக்டரைப் பற்றிப் பேசும்போது ‘லூயி’ என்றால் மரியாதைக் குறைவில்லை.

‘தூ’ என்றால் ‘நீ’, நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும். மன்னிக்கவும் என்று சொல்ல, முன்பின் தெரியாதவரிடம் ‘தூ’வுக்குரிய ‘ஸ்கூஸா’ வேண்டாம், ‘லேய்’க்குரிய ‘ஸ்கூஸி’ சொல்லுங்கள். பழகிய பிறகு அவராகவே ‘தியாமொச்சி தெல் தூ’, ‘தூ’ என்றே பேசுவோம் என்பார். அதுவரை ‘லேய்’யிலேயே நில்லுங்கள்.