துருக்கியில் கம்பள நெசவுக்கூடம்: பயணிகள் செய்யும் தவறுகள்

துருக்கிக்குக் குழுவாகச் சுற்றுலா போனால், குறிப்பாகக் கப்படோசியா பக்கம் போனால், கம்பள நெசவுக்கூடம் ஒன்றில் பஸ் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். முன்னறையில் தறிகள், உள்ளே விற்பனைக் கூடம். பலரும் தறியைப் படம் எடுத்துவிட்டு உள்ளே விரைந்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். உள்ளே ஏமாறாமல் இருக்கத் தெரிய வேண்டியதெல்லாம் தறிக்கு முன்னால்தான் இருக்கிறது.

நெசவாளரின் விரல்களைப் பாருங்கள். (முகம் தெரியப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.) தறியில் நெடுக்காகக் கட்டியிருக்கும் பாவு நூல்களில் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கிறார், கம்பளி நூலை இரண்டின் மேலும் சுற்றி நடுவே இழுக்கிறார், கத்தியால் அறுக்கிறார். இதுதான் துருக்கி முடிச்சு. பாரசீக முடிச்சில் ஒரு பாவு நூலை மட்டுமே முழுதாகச் சுற்றுவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கு நூலான ஊடையை ஓட்டி, கனத்த சீப்பால் அடித்து இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கத்தரிக்கிறார்.

இதைப் பார்த்தவருக்குக் கம்பளத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு முடிச்சும் பின்பக்கம் புள்ளியாகத் தெரிவதால், அங்கேயும் சித்திரம் தெளிவாக இருக்க வேண்டும். குஞ்சம் என்பது பாவு நூலின் நீட்சி. அது தனியாகத் தைக்கப்பட்டிருந்தால் இயந்திரத்தில் செய்ததாகவோ, பழுது பார்த்ததாகவோ இருக்கலாம். கேட்டுவிடுங்கள். ஒரே சிவப்பு ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் அடர்ந்தும் இருப்பதைக் குறையென்று ஒதுக்க வேண்டாம். நூலைத் தவணை தவணையாகச் சாயத்தில் தோய்க்கும்போது அப்படித்தான் வரும்.

முடிச்சுக் கணக்கில் மயங்குவது இன்னொரு தவறு. பட்டுக் கம்பளத்துக்குப் பெயர்போன துருக்கி ஊரான ஹெரெக்கேயின் கம்பளத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 முடிச்சுகள் என்பது வழக்கமான அளவு. அதே கணக்கைக் கிராமத்துக் கம்பளிக் கம்பளத்திடம் எதிர்பார்ப்பது அநியாயம். தடித்த நூலும் நல்ல சாயமும்தான் அதன் பெருமை. கிலிமில் முடிச்சே கிடையாது. அது ஊடையாலேயே சித்திரம் நெய்த விரிப்பு.

பட்டு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பளபளப்பேற்றிய பருத்தியும் ரேயான் என்னும் செயற்கைப் பட்டும் கண்ணுக்குப் பட்டாகவே தெரியும். உதிர்ந்த இழை ஒன்றைக் கடைக்காரரையே கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். பட்டு, முடி கருகிய நாற்றம் அடித்து, நசுக்கினால் பொடியாகும். மற்றவை காகிதம் எரிந்த வாசனைதான் தரும். தயங்குகிற கடையில் பட்டு வாங்காமல் இருப்பது நல்லது.

ஆப்பிள் தேநீர் வரும், கம்பளங்கள் காலடியில் ஒன்றன் மேல் ஒன்றாக உருளும். தேநீர் குடித்த கடனுக்காக வாங்கியவர்கள் ஏராளம். அப்படிக் கடன் எதுவும் இல்லை. ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாமல் விளையாட்டாக ஒரு விலை சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன தொகைக்கு அவர் ஒப்புக்கொண்டபின் பின்வாங்குவது அந்த வணிகத்தில் அவமரியாதை. அழைத்துவந்த வழிகாட்டிக்கும் பெரும்பாலும் தரகு உண்டு. ஆகவே அவர் ‘நல்ல விலை’ என்று தலையாட்டுவதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ரசீதில் ‘கம்பளம் ஒன்று’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். முடிச்சு நூல் எது, பாவு நூல் எது, நீள அகலம், நெய்த ஊர், கையால் முடிச்சிட்டது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கப்பலில் அனுப்புவதானால், வந்து சேர்வது அதே கம்பளம்தானா என்று தெரிய, அதன் பின்பக்க மூலையில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மடித்தால் பையில் அடங்கும் அளவென்றால் கையோடு கொண்டுபோவதே மேல். மிகப் பழைய கம்பளம் என்று சொல்லி விற்றால், அது தொல்பொருள் அல்ல என்னும் அருங்காட்சியகச் சான்றைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். தொல்பொருளாகக் கருதப்படுவதை அனுமதியின்றித் துருக்கிக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். விமான நிலையத்தில் பிடிபடுபவர் விற்றவர் அல்லர், நீங்கள்தான்.