கீபோர்டில் விளக்கு எரிகிறது, கேவிஎம் சுவிட்ச் மட்டும் கேட்கவில்லை

கேவிஎம் சுவிட்ச் என்பது ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரைப் பல கம்ப்யூட்டர்களுக்கு மாற்றித் தரும் பெட்டி. என்னுடையதில் ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தடவை தட்டி 2 அழுத்தினால் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும். புது மெக்கானிக்கல் கீபோர்டு போட்டதும் அது நின்றது. மவுஸ் ஓடுகிறது, பெட்டியின் முன்பக்க பட்டன் வேலை செய்கிறது, கீபோர்டில் ஒரு எழுத்தும் விழவில்லை.

கேபிள் மாற்றினேன், பலனில்லை. அடாப்டரைப் பிடுங்கி ரீசெட் செய்தேன். அது ரீசெட்டே இல்லை. கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் யுஎஸ்பி கேபிள்களே பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கின்றன. அத்தனையையும் உருவினால்தான் அணையும். உருவியும் அதே கதை.

பிறகு கீபோர்டைப் பக்கத்தில் இருந்த யுஎஸ்பி ஹப் போர்ட்டில் செருகினேன். எழுத்து விழுந்தது, ஹாட்கீ (கம்ப்யூட்டர் மாற்றும் அந்த ஸ்க்ரோல் லாக் தட்டல்) இல்லை. இங்கேதான் இரண்டு நாள் போனது. ஹப் போர்ட் நாம் அழுத்தும் சாவியை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். சுவிட்சின் சிப் அதைப் படிக்காது. கீபோர்டு படம் போட்ட போர்ட் மட்டும்தான் சிப் வழியாகப் போகிறது.

பழைய சாதா கீபோர்டை அந்தப் போர்ட்டில் போட்டதும் உடனே மாறியது. அப்போ கோளாறு புதுசில். என்-கீ ரோல்ஓவர்! அதாவது எத்தனை சாவியை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் அத்தனையையும் அனுப்பும் முறை. என் சுவிட்சுக்குப் புரிவது பழைய 8 பைட் ரிப்போர்ட் (அழுத்திய சாவிகளைச் சொல்லும் தகவல்) மட்டும்: ஷிப்ட், கண்ட்ரோல் வகைக்கு 1, சும்மா 1, சாவிகளுக்கு 6. புதுசு வேறு வடிவத்தில் அனுப்புகிறது.

என் கீபோர்டு மாடலில் Fn + N அழுத்தினால் 6 சாவி முறைக்கு மாறும். மாற்றியபின் கீபோர்டை ஒருமுறை கழற்றிச் செருகணும். செருகும்போதுதான் சுவிட்ச் அதை அடையாளம் காண்கிறது. லினக்ஸில் ஸ்க்ரோல் லாக் விளக்கு எரியாவிட்டால் கவலை வேண்டாம், ஹாட்கீ வேலை செய்யும்.