ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்ட கூடை: கைவேலைக்கு நேரம் ஒதுக்குவதில் நாம் செய்யும் தவறுகள்

பச்சையும் மஞ்சளுமாக நான்கு கட்டு வயர் வாங்கிப் பீரோ மேல் வைத்திருந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து கூடை பின்னிவிடலாம் என்று. இரண்டு வருடமாகியும் அந்த ஞாயிறு வரவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, குக்கர் விசில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தபோது, சும்மா நிற்கிறோமே என்று கட்டைப் பிரித்து முதல் முடிச்சைப் போட்டேன். அதற்குப் பிறகு ஏழு கூடை பின்னியாகிவிட்டது. எதையும் ஞாயிற்றுக்கிழமையில் பின்னவில்லை.

அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நிற்பதுதான் இதில் முதல் தவறு. ஞாயிறு என்றால் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும்: மாவு அரைக்க வேண்டும், வாரத் துணி குவிந்திருக்கும், யாராவது வருவார்கள் அல்லது நாம் எங்காவது ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். தப்பித்தவறி ஒரு முழு நாள் காலியாகக் கிடைத்தாலும் உடம்பு படுக்கத்தான் கேட்கும், கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் வார நாட்களில் இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று துண்டு துண்டாக நேரம் கிடக்கிறது. ஒரு நடுத்தர அளவுக் கூடைக்கு எனக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். தினமும் அரை மணி என்றால் மூன்று, மூன்றரை வாரத்தில் கைப்பிடி வரைக்கும் வந்துவிடலாம்.

சரி, அரை மணி நேரம் கிடைத்தாலும் வேலை ஓடவில்லையே என்பவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் தவறு கொஞ்சம் நுட்பமானது. எந்த வேலைக்கு எந்த நேரம் என்று பிரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எந்தக் கைவேலையிலும் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று, மூளை முழுதாக அங்கேயே இருக்க வேண்டிய பாகம். மற்றது, கை பழகிவிட்டால் வாய் பேசிக்கொண்டே செய்யக்கூடிய பாகம். ரவிக்கை தைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு பார்த்துத் துணி வெட்டும்போது யாரும் பக்கத்தில் வரக் கூடாது, அக்குள் பக்கம் அரை இஞ்ச் உள்ளே போய்விட்டால் அந்தத் துணி போனதுதான். ஆனால் ஹெம்மிங் பண்ணுவது, கொக்கி வைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது எல்லாம் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன அமைதியான ஒரு மணி நேரத்தில் நிதானமாக ஹெம்மிங் பண்ணிவிட்டு, சாயங்காலம் அவர்கள் வந்து கத்திக்கொண்டிருக்கும்போது துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுக்கிறோம்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். வயர் கூடையில் வயரை அளந்து வெட்டுவதும் அடி போடுவதும்தான் எண்ணிக்கை வேலை. அடி முடிந்து சுவர் ஏற ஆரம்பித்துவிட்டால் அதே முடிச்சு, சுற்றுச் சுற்றாக, கண்ணை மூடிக்கொண்டே போடலாம். மூன்றாவது கூடைக்கு அடி போடும்போது போனில் தங்கையோடு பேசிக்கொண்டே ஒரு வரிசையில் ஒரு முடிச்சை விட்டுவிட்டேன். நான்கு சுற்று ஏறிய பிறகுதான் ஒரு பக்கம் இழுப்பது தெரிந்தது. அவிழ்த்தேன். இறுக்கிய முடிச்சை அவிழ்த்தால் வயரில் மடிப்புத் தழும்பு நிற்கும், திரும்பப் பின்னினாலும் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். சிவன் கண் என்கிற சிக்கலான பின்னலாக இருந்தால் இன்னும் மோசம். அதையெல்லாம் சீரியல் பார்த்துக்கொண்டு பழக நினைக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வகை வேலையும் இருக்கிறது, அதில் நேரத்தை விழுங்குவது நம் கை செய்யும் வேலை இல்லை, காத்திருப்பதுதான். கொலுவுக்குக் காகிதக் கூழில் பொம்மை செய்வது அப்படிப்பட்டது. காகிதத்தைக் கிழித்து ஊறப்போட வேண்டும், ஊறியதை வெந்தயத்தோடு அரைக்க வேண்டும், உருவம் பிடித்த பிறகு உள்வரை காய வேண்டும், அப்புறம்தான் வர்ணம். நம் கை படும் நேரம் மொத்தமாகச் சேர்த்தால் சில மணி நேரம்தான், நடுவில் நாட்கள் ஓடும். மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராத்திரி கண் விழித்துச் செய்து என்ன பயன்? கண் விழித்தால் பொம்மை சீக்கிரம் காயுமா? புரட்டாசி மூட்டத்தில் ஈரம் உள்ளேயே நின்று மேல் வர்ணம் உரிந்துவரும். ஆடி வெயிலிலேயே கூழை அரைத்துவிட்டால் ஒரு அவசரமும் இல்லை.

அடுத்தது, சுத்தமாக எடுத்து வைக்கும் பழக்கம். இதைச் சொன்னால் என் அத்தைக்குக் கோபம் வரும். பாதியில் நிற்கும் வேலையை மடித்து, பைக்குள் போட்டு, பரண் மேல் ஏற்றிவிட்டால் வீடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் கால் மணி அதை இறக்கவே போய்விடும், இரண்டு நாள் இறக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பையை மாட்டியிருக்கிறேன், பாதிக் கூடை, மீதி வயர், அளவு டேப், கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள். கத்தரிக்கோல் தனியாக வாங்கியது. வீட்டில் இருக்கும் ஒரே கத்தரிக்கோலை நம்பினால் அது பால் பாக்கெட் வெட்டப் போயிருக்கும், நீங்கள் தேடுவதற்குள் சாம்பார் அடிபிடித்திருக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் பையை உயரத்தில் மாட்டுங்கள், அவ்வளவுதான்.

நிறுத்தும் இடத்தையும் பார்த்து நிறுத்த வேண்டும். வயர் முடிச்சு இறுகிவிட்டால் அப்படியே நிற்கும், எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கலாம். கொக்கி ஊசியால் நூலில் பின்னும் குரோஷா அப்படியில்லை, கடைசிக் கண்ணி ஊசியிலிருந்து நழுவி நூல் இழுபட்டால் வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே வரும். அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்திருங்கள். எத்தனையாவது வரிசை, எத்தனை கண்ணி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் போடுங்கள். நாளைக்கு ஞாபகம் இருக்கும் என்று இன்றைக்குத் தோன்றும், இருக்காது.

யூடியூபில் வீடியோ பார்ப்பதைக் கைவேலைக் கணக்கில் சேர்ப்பது, தொடங்குவதற்கு முன்பே பத்து நிற நூல் வாங்குவது, ஒன்றை முடிக்காமல் நான்கைத் தொடங்குவது. இந்த மூன்றையும் பற்றி நான் நிறையச் சொல்லத் தேவையில்லை, செய்பவர்களுக்கே தெரியும்.

ஆர்டர் பிடிப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. (வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பீர்கள், ஆமாம், ஆனால் ஒரு கூடை வருடக்கணக்கில் உழைக்கும்.) அதிலிருந்து கூடையோடு கடைக்குப் போனால் யாராவது நிறுத்தி எங்கே வாங்கினீர்கள் என்பார்கள். நானே பின்னியது என்று பெருமையாகச் சொன்னதும் எனக்கு ஒன்று என்பார்கள். அப்படி மூன்று பேருக்கு ஒத்துக்கொண்டேன். தேதி சொன்னேன், நிறம் அவர்கள் சொன்னார்கள், விலை பேசும்போது வயர் காசுக்கு மேல் கொஞ்சம் என்ற அளவில் வந்து நின்றது. பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கு அந்தக் கொஞ்சத்தை வகுத்துப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அந்த மாதம் மஞ்சப்பையைப் பார்த்தாலே எரிச்சல். விற்பது தப்பு என்று சொல்லவில்லை. விற்றால் அது தொழில், தொழிலுக்குரிய நேரமும் விலையும் அதற்குக் கொடுக்க வேண்டும், குக்கர் விசில் நேரம் போதாது.

இன்னொரு பெரிய தவறு, தூக்கத்திலிருந்து திருடுவது. எல்லாரும் படுத்த பிறகு எனக்கான நேரம் என்று பதினொன்றரைக்கு ஊசியை எடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அடுத்த நாள் தலைவலி. பகலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்: மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 289 நிமிடம், அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிட்டது 88 நிமிடம். 2019 கணக்கெடுப்பில் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் இரு தரப்பும் குறைத்திருக்கிறார்கள், இடைவெளி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே. எனவே நேர அட்டவணை போட்டு, அலாரம் வைத்து, உங்களையே கசக்கிப் பிழிவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலையைக் கைமாற்றிவிடுங்கள். உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது, இந்த வேலை இனி உங்களுடையது என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் அவருடையது. முதல் பத்து நாள் குழம்புச் சட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த அரை மணி நேரம் திரும்ப என்னிடமே வந்திருக்கும்.

முதல் கூடை இப்போதும் கீரைக் கடைக்குத்தான் போய்வருகிறது. ஒரு மூலை தாழ்ந்திருக்கும், என்ன வாங்கினாலும் தக்காளி உருண்டு அந்த மூலைக்கே போய்விடுகிறது. அவிழ்த்துத் திருத்தலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், கீரைக்காரம்மா இதுதான் உங்கள் கூடை என்று தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறேன் என்றார், அப்படியே விட்டுவிட்டேன்.