பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்க ஒரு வழி

முதலில் கணக்கு புரிய வேண்டும்: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15 அன்று இதை மாற்றி, பவுண்டுக்கு 100 பென்னி என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆரம்பிக்க பென்னிதான் சரி. பெரிய வெண்கலக் காசு, ஏராளமாக அடித்தார்கள், அதனால் மலிவு. 1912, 1918, 1919 பென்னி கையில் வந்தால் பூதக்கண்ணாடியை எடுத்து ஆண்டு எண்ணுக்கு இடப்பக்கம் பாருங்கள். பொடியாக எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1918, 1919இல் கேஎன் என்றும் இரண்டெழுத்து வரும், அது கிங்ஸ் நார்ட்டன் என்ற இன்னொரு ஆலையில் அடித்தது, நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். யாராவது 1933 பென்னியை நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள், உலகத்திலேயே ஒரு கை விரல்களைக் கொஞ்சம் தாண்டும் அளவுதான் இருக்கிறது.

வெள்ளிக்காசு என்றால் ஆண்டுதான் முக்கியம். 1920க்கு முன் 92.5 சதவீதம் வெள்ளி, அப்புறம் 1946 வரை பாதிதான், 1947 முதல் வெறும் செம்பு நிக்கல்.

அப்புறம், தேய்த்துக் கழுவவே கழுவாதீர்கள். விக்டோரியா பென்னி ஒன்றை நான் பளபளவென்று ஆக்கினேன், பார்க்க அழகு, வாங்கத்தான் ஆளில்லை.