ஓசூரிலிருந்து சில்க் போர்டுக்கு: மேம்பாலத்தில் ஏறுமுன்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு முதல்முறை கார் ஓட்டுகிறீர்களா? கிளம்பும் முன், வீட்டிலேயே ஃபாஸ்டேக்கில் (சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் ஒட்டுவில்லை) பணம் இருக்கிறதா என்று பாருங்கள். அத்திப்பள்ளியில் ஒரு சுங்கம், எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலம் ஏற இன்னொன்று. ஒருநாள் வரிசையில் நின்றுகொண்டே பணம் போட்டேன், கணக்கில் ஏறவில்லை. இரட்டைக் கட்டணம் கட்டினேன். அன்றிலிருந்து முந்தின நாள் இரவே போட்டுவிடுவேன். ஒட்டுவில்லையைக் கண்ணாடியில் ஒட்டித்தான் வைக்க வேண்டும், கையில் பிடித்துக் காட்டக் கூடாது.

அப்புறம், முக்கியமான விஷயம். 2010-ல் திறந்த அந்தப் பாலம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். சிங்கசந்திராவுக்கோ கூட்லு கேட்டுக்கோ போகிறவர்கள் தயவுசெய்து மேலே ஏறாதீர்கள். அந்த ஊர்களெல்லாம் பாலத்துக்குக் கீழேதான், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. எலெக்ட்ரானிக் சிட்டி வருமுன்பே கீழ்ச்சாலைக்கான தடத்துக்கு மாறிவிடுங்கள். கடைசி நொடியில் குறுக்கே வெட்டினால் பின்னால் வரும் லாரி நிற்காது. தவறி ஏறிவிட்டால் சரி, போய்ச் சேருங்கள், பின்னோக்கி மட்டும் எடுக்காதீர்கள்.

மேலே வேகமாகப் போனாலும், பாலம் முடியும் சில்க் போர்டு சந்திப்பு இறக்கத்தில் நெரிசல் காத்திருக்கும். ஜெயநகர் பக்கம் போகிறவர்கள் பொம்மசந்திராவில் மஞ்சள் தட மெட்ரோ ஏறலாம். 2025 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. நான் திங்கட்கிழமைகளில் அதில்தான் போகிறேன்.