மன வலிமை ஒன்றல்ல: குழந்தைகளுக்குப் பிரித்துச் சொல்லும் முறை

ஊசிக்கு அழும் குழந்தையிடமும், மேடையில் பாட்டை மறந்து நிற்கும் குழந்தையிடமும், விளையாட்டில் தோற்றுத் திரும்பும் குழந்தையிடமும் நாம் சொல்வது ஒன்றுதான்: 'தைரியமா இரு.' ஆனால் முதல் குழந்தைக்கு வேண்டியது பொறுமை, இரண்டாவதற்கு நிதானம், மூன்றாவதற்கு மறுபடி ஆட வரும் மனம். எல்லாவற்றையும் ஒரே சொல்லால் மூடிவிட்டால், தன்னிடம் எது இருக்கிறது, எது இன்னும் வளர வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகும்.

எனவே, சம்பவம் நடந்த அன்றே, கொதிப்பு அடங்கிய பிறகு, இரவுச் சாப்பாட்டின்போது அந்த வலிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, 'தம்ளரை உடைத்ததை யாரும் கேட்பதற்கு முன்பே வந்து சொன்னாயே, அதற்கும் துணிவு வேண்டும்' என்பது குழந்தையின் மனத்தில் தங்கும்.

தோல்வியைத் தாங்குவது பற்றிப் பேசச் சதுரங்கப் பலகை உதவும். விசுவநாதன் ஆனந்த் 2013 நவம்பரில், தாம் வளர்ந்த இதே சென்னையில், பத்து ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் மாக்னஸ் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். 2014 மார்ச்சில், உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலிடம் பெற்று, அந்த ஆண்டே அதே கார்ல்சனுக்கு எதிரே மீண்டும் அமர்ந்தார். அந்த முறையும் தோற்றார் என்பதைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியமாகப் படுகிறது. முயன்றால் வெற்றி நிச்சயம் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, முயன்றும் தோற்கும் நாளில் நம் சொல்லையும் நம்பாது, தன்னையும் நம்பாது. 'பட்டம் போன மறுநாள் காலை அவருக்கு எப்படி இருந்திருக்கும்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். பிறகு ஓர் ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காமல், ஆட்டம் முடிந்ததும் கை தவறிய அந்த ஒரு நகர்த்தலை இருவருமாக மறுபடி வைத்துப் பாருங்கள்.

விடாமுயற்சிக்கு வேறு முகம் உண்டு. டாக்டர் வி. சாந்தா 1955-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்து, 2021-இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார். மொட்டைமாடித் தொட்டிச் செடிக்கு ஒரு மாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்தால், குழந்தைக்கு அந்த வலிமையின் சிறு அளவு பிடிபடும்.

பத்து வயதை எட்டிய பிள்ளை, 'பஸ் படிக்கட்டில் தொங்குவதும் தைரியம்தானே?' என்று கேட்கக்கூடும். அதட்ட வேண்டாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டதைச் சொல்லி, அவர்கள் யாருக்காக ஆபத்தை ஏற்றார்கள், தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, படிக்கட்டில் தொங்குபவர் யாருக்காகத் தொங்குகிறார் என்று கேளுங்கள். வேறுபாட்டைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

'அண்ணன் அழமாட்டான்' என்ற ஒப்பீட்டை அடியோடு விட்டுவிடுங்கள். அழுவதும், உதவி கேட்பதும் வலிமைக்கு எதிரானவை அல்ல. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட வீட்டில் நடந்து காட்டுவது எளிது. 'இன்று அலுவலகத்தில் பேசப் பயமாக இருந்தது, அம்மாவிடம் யோசனை கேட்டுக்கொண்டுதான் போனேன்' என்று அப்பா சொல்வதைக் கேட்கும் பிள்ளை, கணக்கு புரியவில்லை என்று நோட்டுடன் வந்து நிற்க அவ்வளவாகத் தயங்காது.