எஸ்எஸ்ஐ, எஸ்எஸ்டிஐ வாங்கிக்கொண்டே வேலைக்குப் போவது எப்படி: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கும் வீடுகளில் வேலைப் பேச்சு எடுத்ததுமே வரும் பதில் இதுதான்: "வேலைக்குப் போனால் மாதப் பணம் நின்றுவிடும், மருத்துவக் காப்பீடும் போய்விடும்." விதிகள் அவ்வளவு கடுமையாக இல்லை. சிக்கல் பெரும்பாலும் வேலைக்குப் போனதால் வருவதில்லை; போனதைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குச் சொல்லாமல் விட்டதால் வருகிறது.

கீழே உள்ள டாலர் தொகைகள் 2026-க்கு உரியவை. இவற்றில் பல ஜனவரிதோறும் மாறும் என்பதால் அடுத்த ஆண்டு படிப்பவர்கள் புதுத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்களுக்கு வருவது எந்தப் பணம்?

எஸ்எஸ்டிஐ, வேலை பார்த்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியவர்களுக்கு வருவது. எஸ்எஸ்ஐ, வருமானமும் சேமிப்பும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு. தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் வேலை விதிகள் முற்றிலும் வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போட்டுக் குழம்புவதுதான் முதல் தவறு.

அடையாளம் காண எளிய வழி, பணம் வரும் தேதி. மாதம் 1-ஆம் தேதி வந்தால் எஸ்எஸ்ஐ. ஏதோ ஒரு புதன்கிழமை வந்தால் எஸ்எஸ்டிஐ. 1-ஆம் தேதி ஒரு தொகை, 3-ஆம் தேதி இன்னொன்று என்றால் இரண்டும் வாங்குகிறீர்கள். இரண்டு விதிகளும் உங்களுக்குப் பொருந்தும்.

ஒரு விஷயத்தை நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். 22 வயதுக்குமுன் தொடங்கிய குறைபாடு உள்ள மகனோ மகளோ, அப்பா அல்லது அம்மா ஓய்வு பெற்றபின் அவர்கள் கணக்கின்மீது தொகை வாங்கினால், வேலை விஷயத்தில் அதற்கு எஸ்எஸ்டிஐ விதிகள்தான். அதற்குமுன் எஸ்எஸ்ஐ வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரே மாதத்தில் வேறு விதிக்குள் வந்துவிடுவார். பழைய கணக்கையே தொடர்ந்தால் தப்பாகிவிடும்.

படி 2: பிபிக்யூஒய் அறிக்கை கேட்டு வாங்குங்கள்

வேலை தேடுவதற்கு முன்பே 1-800-772-1213 என்ற எண்ணில் அழைத்து, "பிபிக்யூஒய் வேண்டும்" என்று கேளுங்கள். உங்கள் உதவித்தொகை விவரங்களைக் காட்டும் அறிக்கை அது. காசு கிடையாது. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதுவும் இலவசம்.

எந்தத் தொகை எவ்வளவு வருகிறது, எந்தக் காப்பீடு இருக்கிறது, சோதனை வேலைக்காலத்தில் (விளக்கம் படி 3-இல்) எத்தனை மாதம் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். சில ஆண்டுகளுக்குமுன் இரண்டு மூன்று மாதம் கடையில் நின்றது உங்களுக்கு மறந்திருக்கும், அலுவலகக் கணக்கில் அது ஏறியிருக்கும்.

படி 3: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எஸ்எஸ்டிஐ வாங்குபவருக்கு முதலில் சோதனை வேலைக்காலம் உண்டு. ஒரு மாதத்தில் பிடித்தம் போகுமுன் 1,210 டாலருக்குமேல் சம்பாதித்தால் அது ஒரு சோதனை மாதம். தொடர்ச்சியான 60 மாதங்களுக்குள் இப்படி 9 மாதங்கள் கிடைக்கும். அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. அந்த 9 மாதங்களிலும் எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை முழுதாக வரும்.

அதன்பின் 36 மாத நீட்டிப்புக்காலம். இதில் அளவுகோல் மாறுகிறது: மாதம் 1,690 டாலர், பார்வையற்றவர்களுக்கு 2,830. தாண்டிய மாதத்துக்குத் தொகை இல்லை, தாண்டாத மாதத்துக்கு உண்டு. புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முதல்முறை தாண்டும் மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதங்களுக்கும் மட்டும் சலுகையாகத் தொகை வரும்.

ஒருவர் இதுவரை வேலைக்கே போகாமல் இருந்து, ஜனவரியிலிருந்து மாதம் 1,800 டாலர் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். செப்டம்பர்வரை சோதனை மாதங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் சலுகை மாதங்கள். ஆக, ஓர் ஆண்டு முழுக்கச் சம்பளமும் தொகையும் சேர்ந்தே வரும். அதன்பிறகுதான் தொகை நிற்கும். எஸ்எஸ்டிஐ-யோடு வரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அப்போதும் போகாது. சோதனைக்காலம் முடிந்தபின் குறைந்தது 93 மாதங்கள் தொடரும்.

எஸ்எஸ்ஐ கணக்கு வேறு. இதில் சோதனைக்காலமே கிடையாது, முதல் மாதச் சம்பளத்திலிருந்தே தொகை குறையும். ஆனால் டாலருக்கு டாலர் குறையாது. மொத்தச் சம்பளத்தில் 85 டாலரைக் கழியுங்கள், மீதியைப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியை முழு மாத எஸ்எஸ்ஐ தொகையான 994-லிருந்து கழியுங்கள். வேறு வருமானம் எதுவும் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு.

சம்பளம் 885 டாலர் என்றால்: 885 − 85 = 800. பாதி 400. 994 − 400 = 594. கைக்கு வரும் மொத்தம் 885 + 594 = 1,479, வேலைக்குப் போகாமல் இருந்தால் 994. சில மாநிலங்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருவதால் உங்கள் தொகை சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

சம்பளம் ஏறி எஸ்எஸ்ஐ பணம் சுழியமாகிவிட்டாலும், மருத்துவத்துக்கு மெடிகெய்டு என்னும் அரசுக் காப்பீடு தேவைப்படுபவருக்கு 1619(பி) என்ற பிரிவின்கீழ் அது தொடரும். எவ்வளவு சம்பளம்வரை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேமிப்பு வரம்பு அப்போதும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். சம்பளம் வங்கியில் சேர்ந்து 2,000 டாலரைத் தாண்டி எஸ்எஸ்ஐ போவது அடிக்கடி நடப்பது. அதற்குத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கான ஏபிள் கணக்கு. 46 வயதுக்குமுன் குறைபாடு தொடங்கியவர்கள் 2026 ஜனவரியிலிருந்து இதைத் திறக்கலாம் (முன்பு 26 ஆக இருந்தது). அதில் 1,00,000 டாலர்வரை உள்ள பணத்தை எஸ்எஸ்ஐ கணக்கில் எடுக்காது.

22 வயதுக்குட்பட்டு ஒழுங்காகப் படித்துக்கொண்டிருப்பவர் என்றால் மாதம் 2,410, ஆண்டுக்கு 9,730 டாலர்வரை உள்ள சம்பளம் கணக்கிலேயே வராது. கோடை விடுமுறை வேலைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

படி 4: குறைபாடு காரணமான செலவுகளைக் கழியுங்கள்

வேலை பார்ப்பதற்குத் தேவைப்பட்டு, குறைபாட்டினால் ஏற்பட்டு, உங்கள் கைக்காசில் கட்டிய செலவு சம்பளத்திலிருந்து கழியும். மருந்துக்கான உங்கள் பங்கு, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பு, வேலைக்குக் கிளப்பிவிடும் உதவியாளருக்குக் கொடுப்பது போன்றவை. எல்லோரும் போகும் பேருந்தின் கட்டணம் கழியாது. குறைபாட்டால் அந்தப் பேருந்தில் போக முடியாமல் தனி வண்டி வைத்தால் கழியும். காப்பீடு திருப்பித் தந்த தொகையைக் கழிக்க முடியாது.

எஸ்எஸ்டிஐ-யில் இதன் மதிப்பு பெரிது: 1,800 சம்பளத்தில் 150 கழிந்தால் 1,650, அதாவது வரம்புக்குக் கீழே. ஆனால் சோதனை வேலைக்காலத்து மாதங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. எஸ்எஸ்ஐ-யில் பாதியாக்குவதற்கு முன்பே கழிப்பதால், 200 டாலர் செலவு காட்டினால் தொகையில் 100 டாலர் திரும்பக் கிடைக்கும். ரசீது இல்லாத செலவு எதுவும் நிற்காது.

படி 5: டிக்கெட் டு வொர்க்

உதவித்தொகை வாங்குபவர்கள் வேலைக்குப் போக உதவும், 1999-இல் வந்த சட்டத்தின்கீழ் நடக்கும் திட்டம். 18 முதல் 64 வயதுவரை, குறைபாட்டுக்காக எஸ்எஸ்டிஐ அல்லது எஸ்எஸ்ஐ வாங்குபவர்களுக்கு இலவசம், விருப்பம் இருந்தால் மட்டும். சிறுவயதிலிருந்து எஸ்எஸ்ஐ வாங்குபவருக்கு 18 வயதில் மறுபரிசீலனை ஒன்று நடக்கும். அதில் தேறிய பிறகுதான் டிக்கெட் கிடைக்கும். உதவி எண் 1-866-968-7842. டிக்கெட் என்று கையில் எந்தக் காகிதமும் தேவையில்லை. தகுதி உண்டா என்பதை அவர்களே பார்த்துச் சொல்வார்கள். உங்கள் பகுதியின் உதவித்தொகை ஆலோசகரையும் அதே அழைப்பில் கேட்டு வாங்குங்கள். படி 3-இல் போட்ட கணக்கை அவரிடம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

டிக்கெட்டை இரண்டு இடங்களில் பயன்படுத்தலாம். பயிற்சியோ படிப்போ உதவிக்கருவியோ தேவை என்றால் மாநில அரசின் தொழில்சார் மறுவாழ்வுத் துறை. எஸ்எஸ்ஐ, எஸ்எஸ்டிஐ வாங்குபவர் அங்கே தகுதி உள்ளவராகவே கருதப்படுவார், சேவைக்குக் கட்டணமும் கேட்கக் கூடாது. சில மாநிலங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். பயிற்சி தேவையில்லை, வேலைதான் வேண்டும் என்றால் எம்ப்ளாய்மென்ட் நெட்வொர்க் எனப்படும், வேலை தேட உதவும் அமைப்புகள். மறுவாழ்வுத் துறையில் பயிற்சி முடித்துவிட்டு அப்புறம் இங்கே வரலாம். பலருக்கு அதுவே நல்ல வரிசை.

இந்த அமைப்புகளுக்கு அரசு பணம் தருவது உங்கள் சம்பளம் குறிப்பிட்ட அளவுகளை எட்டும்போதுதான். அதனால் வாரத்துக்குப் பத்து மணிநேர வேலை மட்டும் தேடுபவரைச் சில அமைப்புகள் ஏற்பதில்லை. எனவே கையெழுத்திடுமுன் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்: பகுதிநேர வேலைக்கு உதவுவீர்களா? வேலை கிடைத்தபின் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள்? சம்பளத்தை அறிவிக்க உதவுவீர்களா? பதில் வழவழவென்று வந்தால் அடுத்த இடம் பாருங்கள். பணம் கேட்டால் பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றாலும் டிக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

இவற்றில் ஓர் இடத்தில் டிக்கெட்டை ஒப்படைத்து, திட்டத்தில் சொன்னபடி முன்னேறிக்கொண்டிருக்கும்வரை, குறைபாடு இன்னும் உள்ளதா என்று பார்க்கும் மருத்துவ மறுபரிசீலனை தொடங்கப்படாது. இதில் காலம் முக்கியம். மறுபரிசீலனைக் கடிதம் வந்த பிறகு ஓடிப்போய் ஒப்படைத்தால் அது நிற்காது. ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பாதுகாப்பு போய்விடும். 12 மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள்.

படி 6: வேலையில் சேரும்போது

15 பேரோ அதற்குமேலோ உள்ள நிறுவனங்களுக்கு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 1990-ஆம் ஆண்டின் ஏடிஏ சட்டம் பொருந்தும். வேலை உறுதியாகுமுன் குறைபாடு பற்றிக் கேட்க முடியாது. திரை வாசிப்பான், உயரம் மாற்றும் மேசை, இடைவேளை நேர மாற்றம் போன்ற வசதிகளை நீங்கள் கேட்கலாம். வாயால் கேட்டதை மின்னஞ்சலிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள். மத்திய அரசு வேலை என்றால் 'ஷெட்யூல் ஏ' வழியைப் பாருங்கள். மருத்துவர் அல்லது மறுவாழ்வுத் துறை தரும் சான்றுக் கடிதம் இருந்தால் போட்டி இல்லாமலே எடுக்க இயலும்.

படி 7: சம்பளத்தை அறிவியுங்கள்

வேலை தொடங்கியது, மணிநேரம் மாறியது, வேலை போனது என எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எஸ்எஸ்ஐ என்றால் ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள். கைபேசிச் செயலியிலோ தானியங்கித் தொலைபேசியிலோ அறிவிப்பவர்கள் முதல் 6 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். இணையக் கணக்கு வழியாகவும் அறிவிக்கலாம். அறிவித்ததற்கான ரசீதைச் சேமித்து, சம்பளச் சீட்டுகளோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

வழக்கமாகத் தவறும் இடங்கள் சில. வங்கிக்கு வந்த தொகையை எழுதிவிடுவார்கள். அலுவலகம் கேட்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. இரண்டு வாரத்துக்கொருமுறை சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும். எஸ்எஸ்ஐ, பணம் கைக்கு வந்த மாதத்தைப் பார்ப்பதால் அந்தக் கணக்கில் தொகை சட்டென்று குறையும். அதுவும் அடுத்த மாதமல்ல, வழக்கமாக இரண்டு மாதம் கழித்து. வாடகைக்குத் தனியாக எடுத்துவைப்பது நல்லது. எஸ்எஸ்டிஐ பொதுவாக உழைத்த மாதத்தைப் பார்க்கும். இரண்டும் வாங்குபவர் எந்த நாள்களுக்கான சம்பளம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

சரியாக அறிவித்தும் பழைய தொகையே வந்துகொண்டிருந்தால் செலவழிக்காதீர்கள். பின்னால் திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் பதில் கொடுத்தால், முடிவு வரும்வரை பிடித்தம் தொடங்காது. கணக்கே தவறு என்றால் எஸ்எஸ்ஏ-561 படிவம், 60 நாள் கெடு. கணக்கு சரிதான், ஆனால் தவறு உங்களுடையதல்ல, திருப்பித்தரவும் வழியில்லை என்றால் எஸ்எஸ்ஏ-632. அறிவிப்பு ரசீதுகள் உதவுவது இங்கேதான்.

படி 8: வேலை நின்றுவிட்டால்

வேலை காரணமாகத் தொகை முடிந்து 5 ஆண்டுகளுக்குள், அதே குறைபாடு அல்லது அதோடு தொடர்புடைய ஒன்றினால் மறுபடியும் வேலை பார்க்க முடியாமல் போனால், புது விண்ணப்பம் போட்டு முதலிலிருந்து காத்திருக்க வேண்டாம். விரைவு மறுசேர்ப்பு கேளுங்கள். முடிவெடுக்கும்வரை 6 மாதம்வரை தற்காலிகத் தொகையும் காப்பீடும் தருவார்கள். அலுவலகத்தில் எதிரே இருப்பவர் தாமாகவே இதை எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காமல், "எக்ஸ்பிடைட்டட் ரீஇன்ஸ்டேட்மென்ட்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.